நிழலையே அளக்கும் கூடாரம்

சென்னையில் பொறியியல் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஜெய்சல்மேர் பக்கத்து மணல்மேட்டில் இரண்டு பேர் பத்து நாள் தங்க ஒரு கூடாரம் வேண்டும், அதுவே ஓர் அறிவியல் கருவியாகவும் வேலை செய்ய வேண்டும், எல்லாம் சேர்த்து 20 கிலோவுக்குள் தூக்கிப்போகிற மாதிரி இருக்க வேண்டும், மே விடுமுறையில் போகிறோம், என்னென்ன சென்சார் வாங்கலாம்? கேள்வி சென்சாரில் போய் முடிகிறது. ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி வேறு: தங்குகிற இடத்தை வைத்துக்கொண்டு எதை அளக்க முடியும், எதை அளக்கக் கூடாது? அது தெளிவானால் சென்சார் பட்டியல் தானாகவே சின்னதாகிவிடும்.

கூடாரத்தின் வேலை சுற்றுப்புறத்தை மாற்றுவது. வெயிலை மறைக்கும், காற்றைத் தடுக்கும், மணலைக் குளிர வைக்கும். கருவியின் வேலை சுற்றுப்புறத்தைத் தொடாமல் அதை அறிவது. இரண்டும் நேர் எதிர். ஆகவே கூடாரத்தின் கூரையில் காற்றளவி, உள்ளே தொங்கவிட்ட தெர்மாமீட்டர், இவை பாலைவனத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. காற்றின் வேகத்தை அளக்கும்போது பக்கத்தில் இருக்கும் தடையின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் விலகி நிற்க வேண்டும் என்பது வானிலை நிலையங்களின் பொது விதி. 2.2 மீட்டர் கூடாரத்துக்கு அது 22 மீட்டர். காற்று வெப்பநிலைக்கு 1.25 முதல் 2 மீட்டர் உயரம், வெயில் படாத, காற்று ஓடுகிற வெள்ளைப் பெட்டி. இந்த இரண்டும் கூடாரத்துக்கு வெளியே தனியாக ஒரு கம்பத்தில்தான் இருக்க வேண்டும். கூடாரத்தோடு சேர்த்து அளக்கத் தகுந்தது, கூடாரம் நிற்பதால் என்ன மாறுகிறது என்பதை மட்டுமே. அந்த வகையில் மூன்று அளவுகள் உங்கள் எடைக்குள்ளும் செலவுக்குள்ளும் வரும்: நிழலால் மணலுக்குள் வெப்பம் எப்படி மாறுகிறது, காற்று கூடாரத்தை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது, சூரியன் உள்ளே போடும் ஒளிப்புள்ளி எங்கே விழுகிறது.

இவற்றில் மிகச் சிறந்தது முதலாவது. காய்ந்த மணல் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். அதன் வெப்பப் பரவுதிறன், அதாவது சூடு அதற்குள் பரவும் வேகத்தின் அளவு, வினாடிக்கு ஏறக்குறைய 0.0023 சதுர சென்டிமீட்டர். பகல்–இரவு ஏற்றத்தாழ்வு மணலில் ஒவ்வொரு 8 செ.மீ. ஆழத்துக்கும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக, 37 சதவீதமாகக் குறையும். 5 செ.மீ. ஆழத்தில் சராசரிக்கு மேலும் கீழும் 10 டிகிரி ஆடினால், 20 செ.மீ.யில் ஒன்றரை டிகிரிதான் ஆடும். அதோடு 20 செ.மீ.யின் உச்சம் 5 செ.மீ.யின் உச்சத்துக்கு ஏழு மணி நேரம் பின்தங்கி, ராத்திரியில் வரும். ஆட்டம் குறைவதிலிருந்து ஒருமுறை, உச்சம் தள்ளிப்போவதிலிருந்து ஒருமுறை என்று பரவுதிறனை இரண்டு வழியில் கணக்கிடலாம். இரண்டும் ஒத்துப்போனால் அளவை நம்பலாம். ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் மணல் நகர்ந்து சென்சாரின் ஆழம் மாறியிருக்கும்.

இதற்கு இரண்டு அளவுகோல்கள் வேண்டும். ஒன்று கூடாரத்துக்குள், மற்றொன்று குறைந்தது 10 மீட்டர் தள்ளி, நாள் முழுக்க வெயில் படும் இடத்தில். ஒவ்வொன்றிலும் 2, 5, 10, 20, 50 செ.மீ. ஆழத்தில் ஐந்து டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார்கள். கோலுக்கு இரும்போ அலுமினியமோ கூடாது, அதுவே மேலிருக்கும் சூட்டைக் கீழே கடத்திக் கொண்டுபோகும். வயரிங்குக்குப் போடும் பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்து அல்லது மூங்கில் பட்டையை எடுத்து, சென்சாரின் உலோகத் தலை கோலிலிருந்து 3 செ.மீ. பக்கவாட்டில் நீட்டி மணலைத் தொடும்படி கட்டுங்கள். ஒயர் அதே ஆழத்தில் ஒரு சுற்று ஓடிவிட்டு மேலே வரட்டும். நேராக மேலே இழுத்தால் ஒயரின் செம்பே வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். கோலில் தரைமட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் மணல் அந்தக் கோட்டுக்கு மேலா கீழா என்று மில்லிமீட்டரில் குறியுங்கள். உள்ளே உள்ள கோலைச் சுற்றி அரை மீட்டருக்கு யாரும் படுக்கவோ பை வைக்கவோ வேண்டாம். ஓய்வாக இருக்கும் ஒரு மனித உடல் சுமார் 100 வாட் வெப்பம் விடும்.

சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிட்சி தெருவில் கிடைக்கும் இந்த சென்சார்களில் போலி நிறைய. அசலுக்கே அரை டிகிரி வரை பிழை உண்டு, ஆனால் அந்தப் பிழை பெரும்பாலும் நிலையாக இருப்பதால் திருத்திக்கொள்ளலாம். தெர்மாஸ் குடுவையில் நொறுக்கிய ஐஸைப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, எல்லா சென்சாரையும் ஒரே கட்டாக நடுவில் விட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். அது 0 டிகிரி. பிறகு 50 டிகிரி வெந்நீரில் இன்னொரு முறை, கலக்கிக்கொண்டே. இரண்டு இடத்திலும் வரும் வித்தியாசத்தை ஒவ்வொரு சென்சாரின் எண்ணோடும் எழுதி, ஒயரில் லேபிள் ஒட்டிய பிறகே கோலில் கட்டுங்கள். பதினைந்து வாங்கினால் பத்து தேறும் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரு எச்சரிக்கை: பதிவில் சரியாக 85.0 என்று வந்தால் அது மணலின் சூடு அல்ல, மின்சாரம் வந்ததும் அளக்காமலே சென்சார் சொல்லும் தொடக்க எண். மைனஸ் 127 என்றால் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. இரண்டையும் சராசரியில் சேர்த்துவிட்டு, பாலைவனத்தில் விசித்திரம் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு.

இனி கூடாரம். அளக்கும் எதுவும் துணியோடு கட்டப்படக் கூடாது, சட்டத்தோடு மட்டுமே கட்டப்பட வேண்டும் என்பதால் நடுக்கம்பம் ஒன்றில் துணியை இழுத்துக் கட்டும் வடிவம் சரிவராது. நான்கு கால் பிரமிடு போதும்: 32 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. கனமுள்ள அலுமினியக் குழாய், ஒவ்வொரு காலும் 2.8 மீட்டர், 1.4 மீட்டராக இரண்டு துண்டு. ரயிலில் கீழ் பெர்த்துக்கு அடியில் போகும். தரையில் 2.4 மீட்டர் சதுரம், உச்சி 2.2 மீட்டரில் நிற்கும். குழாய் மட்டும் 4.6 கிலோ. கால்கள் மணலில் இறங்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் 15 செ.மீ. சதுர ப்ளைவுட் பாதம், நான்கு பாதங்களையும் சுற்றி ஒரு கயிறு. அந்தக் கயிறு இல்லாவிட்டால் கால்கள் மெல்ல விரிந்து கூடாரம் நாளுக்கு நாள் குள்ளமாகும். குழாய் இணைப்பில் அரை மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள், கிரீஸ் தடவ வேண்டாம். கிரீஸ் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பத்தாவது நாள் இரண்டு துண்டையும் பிரிக்க முடியாது.

துணி இரண்டு அடுக்கு, நடுவில் 20 செ.மீ. காற்று ஓட வழி, மேலே திறந்திருக்க வேண்டும். வெளி அடுக்குக்குப் பளபளக்கும் அலுமினியத் தாளைவிட வெள்ளைத் துணி நல்லது. அலுமினியம் வெயிலைத் திருப்பும், ஆனால் வாங்கிய கொஞ்சச் சூட்டையும் கதிராக வெளியே விடத் தெரியாதது. வெள்ளைத் துணி வெயிலையும் திருப்பும், சூட்டையும் வானத்துக்கு விடும். அலுமினியப் பூச்சு வேண்டுமென்றால் உள் அடுக்கின் மேல்முகத்தில், காற்று இடைவெளியைப் பார்த்தபடி இருக்கட்டும். உள் அடுக்கு 12 சதுர மீட்டர், வெளி அடுக்கு 13. சதுர மீட்டருக்கு முறையே 200, 250 கிராம் எடையுள்ள பருத்தி கலந்த பாலியெஸ்டர் என்றால் இரண்டும் சேர்ந்து சுமார் ஐந்தே முக்கால் கிலோ வரும். சட்டம், கயிறு, தரைவிரிப்பு, மின்னணுப் பெட்டி எல்லாம் கூட்டினால் சுமார் 18 கிலோவில் நிற்கும்.

காய்ந்த மணலில் முளை நிற்காது, எவ்வளவு நீள முளையானாலும். அரிசிப் பை அளவுள்ள துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, 60 செ.மீ. ஆழத்தில் கிடையாகப் புதைக்க வேண்டும். 50க்கு 30 செ.மீ. பையின்மேல் நிற்கும் மணல் மட்டுமே 140 கிலோவைத் தாண்டும். எதற்கு இவ்வளவு என்றால், மணிக்கு 72 கி.மீ. காற்றில் இந்தக் கூடாரத்தின் மேல் விழும் தள்ளுவிசை சுமார் 95 கிலோ எடைக்குச் சமம், 100 கி.மீ. புழுதிப் புயலில் 185 கிலோவை எட்டும். வேகம் ஒன்றரை மடங்கு ஆகும் முன்பே விசை இரு மடங்காகிவிடும். நான்கு மூலைக்கு நான்கு மூட்டை. மூட்டையிலிருந்து கூடாரத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கயிறு பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் ஈரத்தில் நீளும். மீன்வலைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிற்றை வெயில் சீக்கிரம் தின்றுவிடும். பாரிமுனையில் கயிறு கேட்கும்போது வகையைக் கேட்டு வாங்குங்கள்.

காற்று வழக்கமாக வரும் திசையில் இருக்கும் ஸ்டே கயிற்றின் நடுவில் இழுவையை மின்சமிக்ஞையாக மாற்றும் 200 கிலோ எஸ் வகை லோட் செல் ஒன்றைக் கோத்தால், கூடாரமே விசை அளக்கும் கருவியாகிவிடும். அந்தச் சமிக்ஞையை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 சில்லு வினாடிக்கு 10 அளவுகள் தரும், திடீர்க் காற்றைப் பிடிக்க அது போதும். கயிற்றில் முதலிலேயே 20 கிலோ இழுவை இருக்கட்டும். தொய்ந்த கயிறு எதையும் அளக்காது. இங்கே உறுதியையும் சந்தேகத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கயிற்றில் வந்த இழுவை எவ்வளவு என்பது உறுதியான அளவு. அதிலிருந்து காற்றின் வேகம் இவ்வளவு என்று சொல்வது மதிப்பீடுதான், ஏனென்றால் துணி படபடக்கும், காற்று திசை மாறும், புதைத்த மூட்டை மெல்ல நகர்ந்து அடிப்படை இழுவை குறையும். காற்று ஓய்ந்த விடியற்காலையில் தினமும் அடிப்படையைக் குறித்து, 22 மீட்டர் தள்ளி நிற்கும் கிண்ணக் காற்றளவியோடு ஒரு நிமிடச் சராசரிகளை ஒப்பிட்டாலும் ஐந்தில் ஒரு பங்கு பிழையை எதிர்பாருங்கள்.

மூன்றாவது, ஊசித்துளை. ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தர் வானாய்வகத்தில், பெரிய சூரியக் கடிகாரமான சாம்ராட் யந்திரத்துக்குள்ளேயே சஷ்டாம்ச யந்திரம் என்று ஓர் இருட்டறை உண்டு. மேலே சின்னத் துளை, உச்சிவேளைச் சூரியனின் பிம்பம் உள்ளே இருக்கும் வளைவில் விழும். கட்டடமே கருவி. வானியலாளர் கெப்ளரும் கறுப்புக் கூடாரத்துக்குள் இருந்தபடி துளை வழியாக வெளிக்காட்சியை வரைந்தார் என்று, அப்படி வரைந்த படத்தை 1620ல் அவரிடமே பார்த்த ஹென்றி வோட்டன் எழுதியிருக்கிறார். இதைப் பிரமிடில் செய்ய நினைக்கும் எல்லோரும் முதலில் உச்சியில்தான் துளை போடுவார்கள். அது தப்பு. உச்சி 2.2 மீட்டர், பாதி அகலம் 1.2 மீட்டர் என்றால் செங்குத்திலிருந்து 29 டிகிரிக்கு மேல் சாய்ந்துவரும் ஒளி வடக்குச் சுவரில் மோதும், தரைக்கு வராது. மே மாதத்தைவிட பிப்ரவரி கடைசியில் போவதே நல்லது, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்; அப்போது ஜெய்சல்மேரின் உச்சிச் சூரியன் 35 டிகிரி சாய்ந்திருக்கும். ஆகவே தெற்குப் பக்கத்து இரண்டு கால்களுக்கு நடுவே 1.3 மீட்டர் உயரத்தில் ஒரு குறுக்குக் குழாய் போட்டு, அதில் திருகிய தகட்டில் 1.8 மி.மீ. துளை போடுங்கள். அதற்கு நேராக இரண்டு துணியிலும் உள்ளங்கை அளவு சன்னல் வெட்டி, மூடித் திறக்க மடிப்பு வையுங்கள். தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் பலகை. இப்படி வைத்தால் டிசம்பரானாலும் ஜூனானாலும் உச்சிப்பொழுதின் புள்ளி கூடாரத்துக்குள்ளேயே விழும்.

அந்தப் பிம்பம் 14 மி.மீ. அகலமுள்ள முட்டை வடிவ வெளிச்சம். நிமிடத்துக்கு 6 மி.மீ.க்கு மேல் மேற்கிலிருந்து கிழக்கே ஊர்ந்துபோவதைக் கண்ணால் பார்க்கலாம். துளைத் தகடு 3 மி.மீ. ஆடினால் அரை நிமிடப் பிழை, அதனால்தான் துணியில் துளை கூடாது என்பது. வெள்ளைக் கூடாரத்தின் உள்வெளிச்சத்தில் புள்ளி மங்கித் தெரியும். கெப்ளர் மாதிரி கூடாரத்தையே கறுப்பாக்கினால் தார்ப் பாலைவனத்தில் வெந்துபோவோம், ஆகவே பலகைக்கு மட்டும் கறுப்புத் துணியில் முக்காடு போடுங்கள். துளையின் நேர்கீழ்ப் புள்ளியைக் கொத்தனாரின் தூக்குக்குண்டால் குறித்து, பலகையை ரசமட்டம் வைத்துச் சமன் செய்ய வேண்டும். புள்ளியின் இடத்தில் 1 மி.மீ. பிழை அட்சரேகையில் மூன்று நான்கு கிலோமீட்டர். செல்போனே இதைவிடத் துல்லியமாக இடத்தைச் சொல்லும், மறுக்கவில்லை. இதன் பயன் உண்மையான வடக்கு. உச்சி நிமிடத்தில் தூக்குக்குண்டின் புள்ளியையும் ஒளிப்புள்ளியின் மையத்தையும் சேர்த்துக் கோடு போட்டால், இரும்பும் பேட்டரியும் குழப்பாத வடக்கு–தெற்குக் கோடு கிடைக்கும். காற்றின் திசையை அதை வைத்துத்தான் பதிய வேண்டும். பிப்ரவரி கடைசியில் உச்சிப்பொழுது சென்னையில் 12.21 வாக்கில், ஜெய்சல்மேரில் 12.59 வாக்கில். கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்குக் கோடு போட்டால் எல்லாம் கோணிவிடும்.

பதிவுக்கருவி எதுவானாலும் சரி, இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை ஒன்றும் எஸ்டி கார்டும் போதும். நேரத்துக்கு டிஎஸ்3231 கடிகாரச் சில்லைத் தனியாகப் போடுங்கள், பத்து நாளில் இரண்டு மூன்று வினாடிதான் பிசகும். பேட்டரிதான் பலருக்கும் கவிழ்கிற இடம். லித்தியம் செல்கள் பெரும்பாலானவற்றை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, ஆனால் சோலார் பேனல் முழு வேகத்தில் தருவது அந்தச் சூட்டு நேரத்தில்தான். மேலே சொன்ன மணல் கணக்கே இதற்கும் உதவும்: 50 செ.மீ. ஆழத்தில் பகல் இரவு வித்தியாசமே கிடையாது. பேட்டரியை மூடிய டப்பாவில் வைத்துக் கூடாரத்துக்குள், அளவுகோலிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிப் புதையுங்கள். புழுதிக் காற்று துணியிலும் ஒயரிலும் நிலைமின்னேற்றத்தை ஏற்றும், காய்ந்த மணலோ எர்த்துக்கு உதவாது. கார்டைக் கழற்றும் முன் கையால் சட்டத்தைத் தொடுங்கள், லோட் செல் ஒயருக்கு ஷீல்டு உள்ள கேபிளே போடுங்கள்.

சென்னையில் ஒத்திகை பார்க்காமல் போகாதீர்கள், ஆனால் ஒத்திகை எதில் பொய் சொல்லும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மொட்டைமாடியில் ஊசித்துளையும் பதிவுக்கருவியும் சரியாகச் சோதிக்கலாம். கோவளம் கடற்கரையில் மூட்டையைப் புதைத்துக் கொக்கித் தராசால் இழுத்துப் பார்த்தால் கிடைக்கும் பலத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடல்மணலில் ஒரு சாண் கீழே ஈரம், அது மணலைப் பிடித்து நிறுத்தும். குளிர்ச்சியில் இதற்கு நேர்மாறு. 38 டிகிரி, 50 சதவீத ஈரப்பதமுள்ள சென்னைப் பகலில் ஈரத்துணி 29 டிகிரி வரைதான் குளிரும். 45 டிகிரி, 10 சதவீதம் என்ற தார் பகலில் அதே துணி 21 டிகிரிக்கு இறங்கும். இங்கே பயனில்லை என்று நீங்கள் தூக்கிப்போடும் ஈரத்திரை அங்கே உயிர் காக்கும். ஆனால் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் கேட்கும், அது ஆவியானால் உள்ளே ஈரப்பதம் மாறி அளவுகளும் மாறும். எந்த மணிக்குத் திரை நனைந்தது என்று எழுதி வையுங்கள். கூரையில் பனிநீர் சேகரித்து அளக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்கு ஏற்ற சாய்வு 30 டிகிரி, உங்கள் பிரமிடின் சுவர் 61 டிகிரி.

மே மாதத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். ஜெய்சல்மேருக்குக் கிழக்கே உள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது, புழுதிப் புயல்களும் அந்த மாதங்களில்தான். பிப்ரவரி கடைசியில் மணலின் பகல் இரவு ஆட்டம் உங்கள் கணக்குக்குத் தாராளமாகப் போதும், உடம்பும் தாங்கும். எல்லையை ஒட்டிய இடங்களுக்கு மாவட்ட நிர்வாகத்திடமும், தேசியப் பாலைவனப் பூங்காவுக்குள் என்றால் வனத்துறையிடமும் அனுமதி வாங்க வேண்டும். அனுமதியில்லாத சாட்டிலைட் போனை இந்தியாவில் கையில் வைத்திருப்பதே குற்றம். இடி கேட்டால் அலுமினியச் சட்டத்தை விட்டுவிட்டு மூடிய வண்டிக்குள் போய்விடுங்கள், கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பு அல்ல.

பிரித்துக் கட்டும் நாளில் கோலை அப்படியே பிடுங்காதீர்கள். பக்கத்தில் குழி வெட்டி, ஒவ்வொரு சென்சாரும் உண்மையில் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று டேப் வைத்து அளந்து, படம் எடுத்துவிட்டு எடுங்கள். ஊருக்கு வந்ததும் அதே தெர்மாஸில் மறுபடியும் ஐஸ் சோதனை. போகும்போது எழுதிய திருத்தத்திலிருந்து 0.2 டிகிரிக்கு மேல் விலகிய சென்சாரின் பத்து நாள் பதிவையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், எவ்வளவு அழகான வளைவாக வந்திருந்தாலும்.